சுண்டுவிரல் எந்தப் பக்கம்? கருவும் ரோபோவும் கேட்கும் ஒரே கேள்வி

முட்டைக்குள் கோழிக்குஞ்சின் இறக்கை முளைக்கும்போது அதில் எலும்பும் இல்லை, விரலும் இல்லை. துடுப்பு மாதிரி ஒரு சின்ன மொட்டுதான் இருக்கும். அந்த மொட்டின் செல்கள் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதி. ஆனாலும் சில நாட்களில் ஒரு ஓரத்துச் செல்கள் ஒரு விரலாகவும், மறு ஓரத்துச் செல்கள் வேறொரு விரலாகவும் ஆகிவிடுகின்றன. மேலே நின்று 'நீ இங்கே, நீ அங்கே' என்று சொல்ல மேஸ்திரி யாரும் கிடையாது. செல்லுக்குக் கண்ணும் கிடையாது. தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்கு எட்டும். அப்படியிருக்க, தான் எந்த ஓரத்தில் இருக்கிறோம் என்பது அதற்கு எப்படித் தெரிகிறது?

இதே கேள்வியை ரோபோக்களுக்காகக் கேட்டவர்களில் முக்கியமானவர் ராதிகா நாக்பால். அமிர்தசரஸில் வளர்ந்தவர், எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர், ஹார்வர்டில் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடம் நடத்திவிட்டு இப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். அவருடைய வேலையின் ஒரு கால் கரு வளர்ச்சி உயிரியலில், மறு கால் ரோபோவியலில். இரண்டையும் சேர்த்துக் கட்டும் கயிறு ஒன்று உண்டு. அதற்குப் பெயர் செறிவுச் சாய்வு, அதாவது ஒரு பொருளின் அளவு ஓரிடத்தில் அதிகமாக இருந்து, தள்ளிப் போகப்போகக் குறைவது. அதை நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும் என்பதால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அதற்கே போகிறது.

மயிலாப்பூரில் காபிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கடை வாசலில் மணம் ஆளைத் தூக்கும். நாலு கடை தாண்டினால் குறையும், தெருமுனையில் லேசாக இருக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் கடை எவ்வளவு தூரம் என்று மூக்கு சொல்லிவிடும். இதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும்: மணம் ஓரிடத்தில் உண்டாக வேண்டும், பரவ வேண்டும், வழியில் கரைந்து போகவும் வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கரையாத மணம் என்றால் தெரு முழுக்க ஒரே அளவில் நிறைந்துவிடும். அப்புறம் மூக்குக்கு அதில் எந்தத் தகவலும் இல்லை.

கருவில் இந்த மணத்தின் வேலையைச் செய்யும் பொருளுக்கு மார்ஃபோஜன் என்று பெயர். உயிரியலாளர் லூயிஸ் வோல்பர்ட் 1969-ல் இந்தக் கருத்தை ஒரு கொடியை வைத்து விளக்கினார். மார்ஃபோஜன் நிறைய இருந்தால் நீலம், நடுத்தரமாக இருந்தால் வெள்ளை, குறைவாக இருந்தால் சிவப்பு. ஒவ்வொரு செல்லும் தன் இடத்து அளவை மட்டும் பார்த்து நிறத்தை முடிவு செய்தாலே பிரெஞ்சுக் கொடி வந்துவிடும். இது வெறும் கற்பனை இல்லை என்பதற்கு 1988-ல் நல்ல சான்று கிடைத்தது. பழ ஈயின் முட்டை அரை மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். அதில் பைகாய்டு என்ற புரதம் தலைப்பக்கம் அதிகமாகவும் வால்பக்கம் போகப்போகக் குறைவாகவும் இருப்பதை வொல்ஃப்காங் டிரீவரும் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் காட்டினார்கள்.

இனி கையால் செய்து பார்க்கலாம். முட்டை வேண்டாம், மைக்ரோஸ்கோப் வேண்டாம். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு நடை போதும். வாங்க வேண்டியவை: 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் 15, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 15 (இரண்டும் கால் வாட், தேவை பத்துப் பத்துதான், மீதி கைவசம் இருக்கட்டும்), ஒரு பிரெட்போர்டு (சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகும் துளைப் பலகை), கொஞ்சம் ஜம்பர் வயர், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். மின்சாரத்துக்குப் பழைய 5 வோல்ட் போன் சார்ஜர். அதன் கேபிளை வெட்டினால் உள்ளே சிவப்பு வயர் பிளஸ், கறுப்பு மைனஸ் என்று இருக்கும். மலிவு கேபிள்களில் நிறம் மாறியும் வரும், அதனால் மீட்டரால் ஒருமுறை பார்த்துவிட்டு இணைக்கவும்.

கரும்பில் கணு இருப்பதுபோல் பிரெட்போர்டில் வரிசையாகப் பதினொரு கணுக்களை வைத்துக்கொள்ளுங்கள், 0 முதல் 10 வரை. அடுத்தடுத்த கணுக்களுக்கு நடுவே ஒரு 1 கிலோ ஓம். 1 முதல் 10 வரை ஒவ்வொரு கணுவிலிருந்தும் மைனஸுக்கு ஒரு 10 கிலோ ஓம். 0-வது கணுவில் 5 வோல்ட். அவ்வளவுதான். கணு என்பது செல், வோல்ட்டேஜ் என்பது மார்ஃபோஜன் அளவு, 1 கிலோ ஓம் வழியே நடப்பது பரவல், 10 கிலோ ஓம் வழியே ஒழுகிப் போவது அழிவு.

மீட்டரின் கறுப்பு முனையை மைனஸில் வைத்து, சிவப்பு முனையால் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டால் ஏறக்குறைய இப்படி வரும்: 3.65, 2.67, 1.96, 1.44, 1.07, 0.80, 0.61, 0.49, 0.41, 0.37. முதல் சில கணுக்களில் ஒவ்வொரு படிக்கும் முந்தையதில் 73 சதவீதம்தான் மிஞ்சுகிறது. 1.5 வோல்ட்டுக்கு மேல் நீலம், 1.5-க்கும் 0.7-க்கும் நடுவே வெள்ளை, அதற்குக் கீழே சிவப்பு என்று வைத்தால் 1, 2, 3 நீலம். 4, 5, 6 வெள்ளை. மீதி நான்கும் சிவப்பு. கொடி வந்துவிட்டது. எந்தக் கணுவுக்கும் தன் எண் தெரியாது.

கணக்கு ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும். 1 கிலோ ஓமின் பட்டைகள் பழுப்பு, கறுப்பு, சிவப்பு. 10 கிலோ ஓமில் மூன்றாவது பட்டை மட்டும் ஆரஞ்சு. மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். செருகுவதற்கு முன் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்துவிடுங்கள். அடுத்தது இன்னும் நயமான தொல்லை. நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்து மின்சார வரிசை நடுவில் அறுந்திருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. ஐந்தாவது கணுவுக்கு அப்பால் அறுந்திருந்தால் அளவு 1.74-க்கு இறங்கி, அதன்பின் கடைசிவரை 1.74 என்றே நிற்கும். ஒழுகும் வழி இல்லாத இடத்தில் சாய்வும் இல்லை. காபிக்கடைத் தெருவில் சொன்னது இதுதான். பத்து 10 கிலோ ஓம்களையும் கழற்றிப் பார்த்தால் எல்லாக் கணுவும் 5 வோல்ட் காட்டும். முள் ஆடும் பழைய மீட்டர் வைத்திருப்பவர்கள் அளவு கொஞ்சம் குறைவாக வருகிறது என்று குழம்ப வேண்டாம். அந்த மீட்டரே ஒரு ரெசிஸ்டர் போலக் கணுவிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சும்.

நேரத்தையும் பார்க்க ஆசை என்றால் ஒவ்வொரு கணுவிலிருந்தும் மைனஸுக்கு 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போடுங்கள், அதன் மைனஸ் கால் மைனஸ் பக்கம் இருக்க வேண்டும். சார்ஜரைப் போட்டதும் முதல் கணு சட்டென்று ஏறும், பத்தாவது கணு இரண்டு மூன்று விநாடி எடுத்துக்கொண்டு சாவகாசமாக ஏறும். பாதி ஏறும் நேரத்தில் ஒரு செல் முடிவெடுத்தால் தவறான நிறத்தை எடுத்துக்கொள்ளும். உண்மையான கருவிலும் 'எப்போது படிப்பது' என்பது சின்னக் கேள்வி இல்லை.

இப்போது கோழிக்கு வருவோம். சாதாரணமாக இறக்கையில் மூன்று விரல்கள், அவற்றுக்கு 2, 3, 4 என்று எண் கொடுப்பது வழக்கம். ஜான் சாண்டர்ஸும் மேரி காசலிங்கும் 1968-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மொட்டின் பின்புற ஓரத்திலிருந்து ஒரு துணுக்கை வெட்டி, இன்னொரு மொட்டின் முன்புற ஓரத்தில் ஒட்டினார்கள். முளைத்த இறக்கையில் விரல்கள் 4-3-2-2-3-4 என்று கண்ணாடியில் பார்த்ததுபோல் வந்தன. அந்தத் துணுக்கு விரலாக மாறவில்லை, அது காபிக்கடையாக வேலை செய்தது. அங்கிருந்து வரும் சைகைப் புரதம் எது என்று 1993-ல்தான் தெரிந்தது. அதன் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக், ஆம், அந்த வீடியோ கேம் முள்ளெலிதான். உயிரியலாளர்கள் பெயர் வைக்கும்போது யாரும் தடுப்பதில்லை.

இதையும் மேசையில் செய்யலாம். இதேபோல இன்னொரு பலகை கட்டி, அதற்கும் 5 வோல்ட் கொடுத்து, மைனஸ்களை இணைத்து, இரண்டு பத்தாவது கணுக்களையும் ஒரு வயரால் சேருங்கள். நீலம், வெள்ளை, சிவப்பு, சிவப்பு, வெள்ளை, நீலம். அளவுகள் கிட்டத்தட்ட அசையாது. ஆனால் அவசரப்பட்டு ஒரே பலகையின் இரண்டு முனையிலும் 5 வோல்ட் கொடுத்தால் நடுக்கணுவிலேயே 2 வோல்ட் இருக்கும், எல்லாமே நீலமாகிவிடும். இரண்டு கடைகளுக்கு அந்தத் தெரு நீளம் போதவில்லை.

இங்கேதான் இந்த எளிய மாதிரியின் பலவீனமும் தெரிகிறது. பலகையை ஐந்து கணுவோடு நிறுத்திவிட்டால் கடைசிக் கணு 1.74 காட்டும். கொடி முழுக்க நீலம், வெள்ளையும் இல்லை சிவப்பும் இல்லை. கரு அப்படி இல்லை. உயிரியலாளர் ஹான்ஸ் டிரீஷ் 1891-ல் கடல் முள்ளெலி என்ற, உடம்பெல்லாம் முள் கொண்ட சிறு கடல் உயிரின் இரண்டு செல் கருவைக் குலுக்கிப் பிரித்தபோது, ஒவ்வொரு செல்லும் பாதி உருவமாக இல்லாமல் சிறிய முழு உருவமாகவே வளர்ந்தது. ஆகவே ஒரே ஒரு சாய்வை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. உடம்பின் அளவுக்கு ஏற்பச் சாய்வையே நீட்டிச் சுருக்கும் வழிகள் கருவிடம் இருக்கின்றன.

ரோபோவுக்கு வோல்ட்டேஜும் இல்லை, மணமும் இல்லை. அதற்குத் தெரிந்தது எண். கூட்டம் பிதுங்கும் 21ஜி பேருந்தில் முன்பக்கம் நிற்பவர் டிக்கெட் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சீட்டில் உட்கார்ந்திருக்கும் கண்டக்டர் அவர் கண்ணுக்குத் தெரியவே மாட்டார். காசு கை மாறி கை மாறிப் போகிறது. கண்டக்டர் 0 என்று சொல்ல, அவரைத் தொடும் தூரத்தில் இருப்பவர் 1, அவருக்கு அடுத்தவர் 2 என்று சொல்லிக்கொண்டே வந்தால், முன்பக்கத்தில் நிற்பவர் தனக்கும் கண்டக்டருக்கும் எத்தனை கை தூரம் என்று தெரிந்துகொள்வார். விதி ஒரே வரி: பக்கத்தில் கேட்கும் எண்களில் மிகச் சிறியதை எடுத்து ஒன்று கூட்டு.

பள்ளி மைதானத்தில் 30 பேரைத் தாறுமாறாக நிற்கவைத்து இதை விளையாடலாம். கை நீட்டினால் தொடக்கூடியவர் மட்டுமே அக்கம்பக்கம். குழப்பம் வரும் இடங்கள் இரண்டு. ஒருவன் தன் எண்ணைக் கத்திவிட்டால், தூரத்தில் இருப்பவன் அதைக் கேட்டுத் தன் எண்ணைக் குறைத்துக்கொள்வான், அவனைச் சுற்றி இருப்பவர்களும் குறைப்பார்கள், சாய்வு சரிந்துவிடும். இ.எஸ்.பி. 32 சிப் வாங்கி வயர்லெஸ்ஸில் இதைச் செய்ய முயலும் மாணவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். அதன் சிக்னல் கூடம் முழுக்கப் போகும், எல்லோருக்கும் எண் 1 என்றே வரும். ஒவ்வொரு சிப்பிலும் 'இந்த நால்வர் சொன்னால் மட்டும் கேள்' என்று பட்டியல் எழுதிவைப்பது ஏமாற்று வேலைதான், ஆனால் கற்றுக்கொள்ள அது போதும். இரண்டாவது, 0 சொன்னவர் எழுந்து போய்விட்டால் பழைய எண்கள் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணைப் புதிதாகக் கணக்கிட வேண்டும், கொஞ்ச நேரமாகக் குரல் வராத பக்கத்துக்காரரை மறந்துவிட வேண்டும். ரெசிஸ்டர் பலகையில் ஒழுகல் செய்த வேலையை இங்கே மறதி செய்கிறது.

இந்த எண் மொட்டையானது. 3 என்று சொல்பவர்களில் ஒருவர் 2-ஐ ஒட்டியும் இன்னொருவர் 4-ஐ ஒட்டியும் நிற்கலாம். நாக்பாலும் சக ஆய்வாளர்களும் இதற்குச் சொன்ன மருந்து மிக மலிவானது: உங்கள் எண்ணையும் அக்கம்பக்கத்தார் எண்களையும் கூட்டிச் சராசரி எடுத்து, அரையைக் கழியுங்கள். உங்கள் எண் 3, சுற்றி இருப்பவர்கள் 2, 2, 2, 3, 3 என்றால் சராசரி 2.5, அரை போக 2.0. உங்கள் எண் 3, சுற்றி 2, 3, 4, 4, 4 என்றால் 2.83. இரண்டு பேருக்கும் பெயர் 3-தான், ஆனால் இடம் வேறு என்று இப்போது தெரிகிறது. அரையைக் கழிப்பது ஏன்? படிக் கணக்கு, அதாவது இந்தக் கை எண்ணிக்கை, எப்போதும் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றப்படுவது. இரண்டே கால் கை தூரமும் 3, இரண்டே முக்கால் கை தூரமும் 3. சராசரியாக அரைப் படி அதிகம் வருகிறது, அதைத் திருப்பிக் கொடுக்கிறோம். ஆனால் இது ஒழுங்காக வேலை செய்ய ஒவ்வொருவருக்கும் சுமார் 15 பக்கத்துக்காரர்கள் வேண்டும். நெரிசல் குறைந்தால் துல்லியமும் போய்விடும். கூட்டம் நல்லது என்று சொல்லும் அபூர்வமான கணக்கு இது.

நாக்பால் உயிரியலிலிருந்து வாங்கியதோடு நிற்கவில்லை, திருப்பியும் கொடுத்தார். 2006-ல் மேத்யூ கிப்சன், அங்கித் படேல், நார்பர்ட் பெரிமன் ஆகியோருடன் சேர்ந்து தோல் போன்ற செல் விரிப்புகளை ஆராய்ந்தார். மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு செல்லும் ஒரு பலகோணம், பாதிக்குச் சற்றுக் குறைவானவை அறுகோணம். தேன்கூடு போல நெருக்கி அடுக்கியதால் வந்தது என்றுதான் யாரும் நினைப்போம். அவர்கள் சொன்னது வேறு: செல் பிரிவதாலேயே இது வந்துவிடுகிறது.

கணக்கு சின்னதுதான். ஒரு செல் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகும்போது இரண்டு மகள் செல்களுக்கும் சேர்த்துப் பக்கங்கள் நான்கு கூடும். சுவரின் இரு நுனியும் முட்டும் பக்கத்துச் செல்கள் இரண்டுக்கும் ஒவ்வொரு பக்கம் கூடும். எல்லாச் செல்லும் ஒருமுறை பிரிந்தால் சராசரிப் பக்கங்கள் பாதியாகி, மூன்று கூடும். 4-ல் தொடங்கினால் 5, 5.5, 5.75, 10-ல் தொடங்கினால் 8, 7, 6.5. எங்கே தொடங்கினாலும் 6-ஐ நோக்கியே போகும்.

நான்கைந்து ஒரு ரூபாய் நாணயங்களும் ஒரு தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். 6 என்று எழுதுங்கள். அதிலிருந்து 4-ஐக் கழித்தால் வரும் எண்ணிக்கையில் நாணயங்களைச் சுண்டுங்கள், அதாவது இரண்டு. விழுந்த தலைகளோடு 5-ஐக் கூட்டினால் மகள் செல்லின் பக்கங்கள். ஒரு தலை என்றால் 6. அதையே அடுத்த தாயாக வைத்து மறுபடி. நூறு தடவை செய்தால் ஏறக்குறைய 46 அறுகோணம், 29 ஐங்கோணம், 21 எழுகோணம், சொச்சம் எட்டும் அதற்கு மேலும் வரும். பழ ஈயின் இறக்கைத் திசுவிலும் தவளைத் தலைப்பிரட்டையிலும் ஹைட்ராவிலும் எண்ணிப் பார்த்தபோது இதற்கு மிக அருகில் இருந்தது. ஒரு குறை: இந்த விளையாட்டில் நாற்கோணம் வரவே வராது, உண்மையான திசுவில் கொஞ்சம் உண்டு.

மறுபடி ரோபோவுக்கு. நாக்பாலின் ஹார்வர்டு ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் ரூபன்ஸ்டைன் முன்னின்று உருவாக்கியது கிலோபாட் என்ற குட்டி ரோபோ. விட்டம் 3.3 சென்டிமீட்டர், உதிரிபாகங்களின் விலை சுமார் 14 டாலர். சக்கரம் கிடையாது. விறைப்பான மூன்று மெல்லிய கால்கள், போனில் இருப்பதுபோல இரண்டு அதிர்வு மோட்டார்கள். ஒன்று அதிர்ந்தால் ஒரு பக்கம் திரும்பும், இரண்டும் அதிர்ந்தால் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் நகரும். அடிப்பக்கத்திலிருந்து அகச்சிவப்பு ஒளியை மேசையில் அடித்து, அது எதிரொளித்துப் பக்கத்து ரோபோவுக்குப் போவதால் பேசிக்கொள்கிறது. எட்டும் தூரம் ஏழு சென்டிமீட்டர் அளவு. வந்த ஒளி எவ்வளவு பிரகாசம் என்பதை வைத்து இடைவெளியை மதிப்பிடும், ஆனால் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தெரியாது. கிட்டத்தட்ட செல்லின் நிலைமைதான்.

2014-ல் இப்படி 1,024 ரோபோக்களை வைத்து நட்சத்திரம் அமைத்துக் காட்டினார்கள். நான்கு விதை ரோபோக்கள் தொடக்கப் புள்ளியாக நிற்கும். அங்கிருந்து படிக் கணக்கு பரவும். சுற்றிலும் தன்னைவிடப் பெரிய எண் இல்லாதவன்தான் வெளி ஓரத்தில் இருப்பவன், அவன் முதலில் கிளம்பிக் கூட்டத்தின் ஓரத்தை ஒட்டியே சுற்றி வருவான். ஏற்கெனவே இடம் தெரிந்து நிற்கும் மூவரிடமிருந்தாவது தூரத்தை அளந்து தன் இடத்தைக் கணக்கிடுவான். வடிவத்துக்குள் நுழைந்தபின், வெளியேறப் போகும் இடம் வந்தாலோ, தன் எண்ணே கொண்ட ஒருவன் நிற்பதைக் கண்டாலோ நின்றுவிடுவான். முடியச் சுமார் 12 மணி நேரம் ஆனது. மெதுவாகப் போகும் ஒருவன் பின்னால் ஒரு படையே தேங்கி நிற்கும், அண்ணா சாலையில் ஒரு மீன்பாடி வண்டிக்குப் பின்னால் நிற்பதுபோல.

இதைப் போன்றதைக் கட்ட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை மோட்டாரும் மேசையும். ஒரே பெட்டியில் வந்த இரண்டு அதிர்வு மோட்டார்கள்கூட ஒரே வேகத்தில் அதிராது. ஒவ்வொரு ரோபோவுக்கும் தனித்தனியாக அளவு சரிபார்க்காவிட்டால் நேராகப் போகச் சொன்னது வட்டம் போடும். மேசை வழவழப்பாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும், வைட்போர்டுப் பலகை நன்றாக ஒத்துழைக்கும். தூசி படிந்தால் கால் சிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சென்னை வெயில்: சூரிய ஒளியில் அகச்சிவப்பு ஏராளம், ஜன்னலோரம் வைத்தால் ரோபோக்கள் ஒன்றையொன்று கேட்காது. திரையை இழுத்துவிட்டு எல்.இ.டி. விளக்கில் செய்யுங்கள்.

நட்சத்திரம் போட்ட கிலோபாட்கள் ஒவ்வொன்றின் நினைவிலும் நட்சத்திரத்தின் படம் ஏற்றப்பட்டிருந்தது. அந்த வகையில் அது கருவைப்போல் இல்லை. 2018-ல் பார்சிலோனாவின் ஜேம்ஸ் ஷார்ப், பிரிஸ்டலின் சபீன் ஹாவர்ட் ஆகியோரின் குழு அந்தப் படத்தையும் எடுத்துவிட்டது. கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952-ல் எழுதிவைத்த விதி மட்டும் உள்ளே: ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் பரவும் இரண்டு பொருள்கள், இங்கே அவை பொருள்கள் அல்ல, ரோபோக்கள் பரிமாறும் இரண்டு எண்கள். 300 கிலோபாட்கள் ஒரு வட்டக் கும்பலாகத் தொடங்கின. ஆங்காங்கே எண் உயர்ந்து புள்ளிகள் தோன்றின. மற்றவை அந்தப் புள்ளிகளை நோக்கி ஊர்ந்துபோய்ச் சேர, மூன்றரை மணி நேரத்தில் கும்பலிலிருந்து விரல்கள் போலக் கிளைகள் நீண்டன. கிளையை வெட்டி எடுத்தால் மிச்சமிருந்தவை தங்களைத் திருத்தி அடுக்கிக்கொண்டன. ஒவ்வொரு முறையும் கிளைகளின் எண்ணிக்கையும் இடமும் கொஞ்சம் மாறின, எந்த ரோபோவிலும் விரல் என்ற சொல்லே எழுதப்பட்டிருக்கவில்லை.